பள்ளிக்கூட கேட்டில் எனக்குப் பிறந்த மகள்

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே எட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். இதை நான் மறைத்துப் பயனில்லை. வீடியோ இருக்கிறது. நாகர்கோவிலில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பேருக்கு என் சித்தப்பா பையன்களே அனுப்பி வைத்துவிட்டார்கள்.

பயந்தவன் அரசியலுக்கு வரக்கூடாது என்று சொல்வார்கள். தப்பு. அரசியலில் நான் பார்த்த எல்லோரும் பயந்தவர்கள்தான். பயத்தை வெளியே காட்டாதவர்கள் தலைவர் ஆனார்கள், என்னைப் போல முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்போது நான் எங்கள் கட்சியின் ஒன்றிய இளைஞரணித் துணைச் செயலாளர். (துணை என்றால் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறவன்.) பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல்வயல், அம்மாவுக்கு ஒரு பசு, எனக்கு ஒரு பைக்கும் மைக் பைத்தியமும்.

மேடையில் எனக்கென்று ஒரே ஒரு பேச்சு உண்டு. அரசுப் பள்ளிப் பேச்சு. “தன் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்காதவனுக்கு அரசுப் பள்ளியைப் பற்றிப் பேச வாய் எதற்கு?” என்று கேட்டுவிட்டு, ஒரு மூச்சு நிறுத்துவேன். கைதட்டு விழும். எனக்குப் பிள்ளையும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பவே திரும்பாது என்ற தைரியத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதே பேச்சை எதிர்க்கட்சி மேடையில் என்னைவிட நன்றாகப் பேசியவர் பகவதிப்பெருமாள். பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர், நல்ல தொண்டை. உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு அவருக்குத்தான் என்று பேச்சு இருந்தது. அவர் தன் ஒரே மகளுக்கு யாழினி என்று சுத்தத் தமிழில் பெயர் வைத்திருந்தார். பிள்ளை நாகர்கோவிலில் மாமியார் வீட்டில் தங்கி அங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்று ஊரில் சொல்லியிருந்தார். அது பொய், அவள் படிப்பது ஒரு பெரிய ஆங்கிலப் பள்ளியில் என்று எங்கள் ஒன்றியச் செயலாளர் நீலகண்டனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பகவதியே போய்ப் பிள்ளையை ஊருக்குக் கூட்டி வருகிறார் என்பதும் தெரிந்துவிட்டது.

நீலகண்டன் என்னைக் கூப்பிட்டார். “மக்கா, ஒரே ஒரு போட்டோ போதும். பிள்ளைக்க யூனிபாரம் தெரியணும், பள்ளிக்கூட போர்டு தெரியணும், அவனுக்க மொகம் தெரியணும். பொறவு அவன் மேடை ஏறுகான்னா பாப்போம்.”

எனக்கு அந்த வாரம் பயப்பட வேறு காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயதாம்பூலம். பெண் குழித்துறை. லேகா என்று பெயர், ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். பெண் பார்க்கப் போன அன்று, நீங்கள் மேடையில் பேசுவீர்களாமே, இங்கே ஏன் பேச்சே வரவில்லை என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவளுடைய அப்பா பரமேஸ்வரன் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பையன் அரசியலில் இருக்கிறானே என்று கடைசிவரை இழுத்தார். ஒரு வம்பும் தும்பும் இல்லாத பையன் என்று என் அப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். இதைக் கெடுத்துக்கொண்டால் லேகா போய்விடுவாள். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் போனேன். நீலகண்டனிடம் மாட்டேன் என்று சொல்லப் பயம்.

ரகசிய வேலை என்பதால் தயாரிப்போடு போனேன். யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று கைக்குட்டையை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டேன். வண்டி நம்பரில் வயல் சேற்றை அப்பிவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் சும்மா நின்றால் சந்தேகம் வரும், பிள்ளையைக் கூப்பிட வந்த ஆள் மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பை நிறைய மிட்டாய் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். வரும்போது பசுவுக்குத் தவிடு வாங்கி வா என்று அம்மா கொடுத்த பெரிய சாக்கு வண்டியில் மடித்துக் கிடந்தது.

முகத்தில் துணி, கையில் மிட்டாய், வண்டியில் சாக்கு, நம்பர் தெரியாத பைக். பிள்ளை பிடிக்கிறவனுக்கு நாடகத்தில் வேஷம் கட்டினால்கூட இவ்வளவு சரியாக அமையாது. அந்த வாரம்தான் பிள்ளை பிடிக்கிற கும்பல் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது என்று ஒரு பெண்ணின் குரல் எல்லோருடைய ஃபோனிலும் அழுதுகொண்டிருந்தது. அந்தச் செய்தி எனக்கும் வந்தது. நானே அதை எங்கள் இளைஞரணி குரூப்புக்கு அனுப்பி, ‘தாய்மார்களே விழிப்புடன் இருங்கள்’ என்று மேலே ஒரு வரியும் எழுதியிருந்தேன்.

தாய்மார்கள் விழிப்புடன் இருந்தார்கள்.

மணி அடித்துப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். யாழினியின் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் தூரத்தில் பார்த்ததுதான். அதனால் அவளைப் போல இருந்த ஒவ்வொரு பெண்பிள்ளையையும் ஃபோனில் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. வாட்ச்மேன். பட்டாளத்தில் இருந்து வந்தவர் போல. அந்தக் கையின் கனம் இன்றைக்கும் என் கழுத்தில் இருக்கிறது.

“எவம்ல நீ? துணிய மாத்து.”

துணியை அவிழ்த்தேன். அதற்குள் அம்மாக்கள், வேன் டிரைவர்கள், ஆட்டோக்காரர்கள் என்று சுற்றிலும் ஆள். ஒரு அம்மா மிட்டாய்ப் பையைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். ஒருவர் சாக்கை உதறினார். சாக்கு எதற்கு என்று கேட்டார்கள். தவிடு வாங்க என்றேன். நான் அன்று சொன்ன ஒரே உண்மை அது, அதைத்தான் யாரும் நம்பவில்லை. பள்ளிக்கூடத்திலா தவிடு விற்கிறான் என்று ஒரு டிரைவர் முதுகில் ஒன்று வைத்தார். ஃபோனை வாங்கித் திறந்தார்கள். வரிசையாகப் பெண்பிள்ளைகளின் படங்கள். கூட்டத்தின் சத்தம் சட்டென்று அடங்கியது. சத்தத்தைவிட அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. இப்படி ஆட்களை அடித்த வீடியோக்களை நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் என்னைக் கொன்றுவிடுவார்கள், லேகா அதை ஃபோனில் பார்ப்பாள் என்றுதான் தோன்றியது.

“எந்தப் பிள்ளைக்கு வந்த?” என்றார் வாட்ச்மேன்.

எனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன். “யாழினி.”

“அவளுக்கு நீ யாரு?”

மாமா என்று சொல்லியிருக்கலாம். சித்தப்பா என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீடு என்றாவது சொல்லியிருக்கலாம். தமிழில் உறவுமுறைக்கா பஞ்சம்? என் வாய், ஆயிரம் பேர் முன்னால் பேசிப் பழகிய அந்த வாய், “அப்பா” என்றது.

யாழினியைக் கூட்டி வந்தார்கள். இரட்டைச் சடை, டை, முதுகைவிடப் பெரிய பை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எனக்கு இவரத் தெரியும்” என்றாள். எனக்கு உயிர் வந்தது. “போஸ்டர்ல நிப்பாரு. கடேசில, சின்னதா. எங்க அப்பா இல்ல.”

வந்த உயிர் அப்படியே திரும்பிப் போனது. வாட்ச்மேனின் கை இறுகியது. ஒருவர் பெல்ட்டைக் கழற்றினார். ஏழெட்டு ஃபோன்கள் என் முகத்துக்கு நேரே நின்றன. அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு மனிதர் வந்து நின்றார். கண்ணாடியை இறக்கி விட்டிருந்தாலும் அந்த உடம்பை எனக்குத் தெரியும். பகவதி. அவர் ஒருநாளும் கேட் பக்கம் வருவதில்லையாம். தள்ளி ஒரு மரத்தடியில் ஹெல்மெட்டோடு நிற்பாராம், பிள்ளைதான் நடந்து போவாளாம். இன்றைக்குப் பிள்ளை வரவில்லையே என்று தேடி வந்திருக்கிறார்.

யாழினியும் அவரைப் பார்த்துவிட்டாள். அதோ அப்பா என்று காட்ட அவள் கை உயர்ந்தது. ஹெல்மெட் இடமும் வலமும் ஆடியது. வேண்டாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை, அத்தனை ஃபோன்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மேடையில் நான் பலமுறை பொறாமைப்பட்ட அந்தக் குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தது.

“விடுங்க வே அவர. அவருதான் பிள்ளைக்க அப்பா. எனக்குத் தெரிஞ்ச ஆளுதான்.”

யாழினியின் கை பாதியில் நின்று கீழே இறங்கியது. வாட்ச்மேன் குனிந்து, பயப்படாமல் சொல் மோளே, இது யார் என்று கேட்டார். அவள் ஹெல்மெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து நின்று, பாடம் ஒப்பிப்பதைப் போல, “அப்பா” என்றாள்.

கூட்டத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. (கூட்டத்துக்கு எப்போதும் புரிந்துவிடும்.) புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருக்கிறார்கள், பெற்ற பிள்ளையைப் பார்க்க முகத்தை மூடிக்கொண்டு வருகிறான் பாவி, பிள்ளைக்கு அப்பன் முகமே மறந்துபோய்விட்டது. மிட்டாய்ப் பையைப் பிடுங்கிய அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் திருப்பித் தந்தார். வீட்டுக்காரியோடு சமாதானமாகப் போகும்படி இன்னொருவர் புத்தி சொன்னார். சரி என்றேன். இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்றும் சொன்னேன். அதையும் வீடியோ எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் ஓர் ஆட்டோக்காரர், இவன் அரசுப் பள்ளி, அரசுப் பள்ளி என்று மேடையில் கத்துகிறவன் அல்லவா என்று என்னைக் கண்டுபிடித்தார்.

யாழினியைத் தவிட்டுச் சாக்கின் மேல் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். பின்னால் ஹெல்மெட் தொடர்ந்து வந்தது. பாலம் தாண்டும்வரை அவள் மிட்டாய் தின்றுகொண்டே வந்தாள். பிறகு கேட்டாள், “அப்பா ஏன் அப்பா இல்லன்னாவ?”

பயம் என்றேன். உங்களைப் பார்த்தா என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த சந்தேகம் நியாயமானது. என்னைப் பார்த்து இல்லை, ஃபோனைப் பார்த்து என்றேன்.

ஆள் இல்லாத ஒரு திருப்பத்தில் பிள்ளையை ஒப்படைத்தேன். பகவதி ஹெல்மெட்டைக் கழற்றினார். தண்ணீரில் முக்கி எடுத்த முகம். நான் உன்னைப் பார்க்கவில்லை, நீ என்னைப் பார்க்கவில்லை என்று பேசிக்கொண்டோம். யாழினி அவருடைய வண்டியில் ஏறினாள். அவர் இடுப்பைப் பிடிக்காமல், பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ வந்துவிட்டது. ‘மேடையில் அரசுப் பள்ளி, மகளுக்கு ஆங்கிலப் பள்ளி. வேஷம் கலைந்தது’ என்று தலைப்பு. நீலகண்டன் ஃபோனில், “ஏலே, ஒனக்கு எப்பம்ல மவ பொறந்தா?” என்று கேட்டார். அப்பா யாரோடும் பேசாமல் வயலுக்குப் போய்விட்டார். அம்மா அழுதாள். கொஞ்சம் ஓய்ந்ததும் வீடியோவை மறுபடி போடச் சொல்லி, பிள்ளைக்கு உன் மூக்கு இல்லையே என்றாள். அது உன் பேத்தி இல்லை என்று சொன்ன பிறகும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. தவிடும் வாங்கவில்லை என்பது அதற்கும் பிறகு ஞாபகம் வந்தது, அதற்குத் தனியாக அழுதாள்.

பிறகு பரமேஸ்வரன் பேசினார். குழித்துறைக்காரர்கள் கோபப்பட்டாலும் பாட்டுப் பாடுகிற மாதிரித்தான் இருக்கும். அவர் கோபப்படக்கூட இல்லை.

“தம்பி, மூத்த மோளுக்கு எத்தற வயசாச்சு?”

நான் என்னென்னவோ சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். லேகாவின் ஃபோன் அணைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

மறுநாள் காலையில் பகவதியின் வீட்டுக்குப் போனேன். எதிர்க்கட்சிக்காரன் வீட்டுப் படி ஏறியதைப் பார்த்தால் எங்கள் கட்சியில் என்ன சொல்வார்களோ என்ற பயம்கூட அன்றைக்கு இல்லை. குழித்துறைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணாச்சி என்று கும்பிட்டேன். அவர் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, நான் அங்க வந்து எனக்க மவன்னு சொன்னா அது குழித்துறையோட நிக்குமா? சாயங்காலத்துக்குள்ள எனக்க சீட்டு போயிரும். எனக்கும் பயம் இருக்குல்லா.”

நியாயம்தான். பயந்தவனின் கஷ்டம் பயந்தவனுக்குத் தெரியும். எழுந்திருக்கப் போனேன். அப்போது யாழினி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்துவிட்டு, அவரிடம், “மாமா, ஒங்களுக்கு?” என்று கேட்டாள்.

பகவதியின் முகம் சுருங்கியது. நேற்றிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறாளாம். கோபத்தில் செய்கிறாள், சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். ஏன் இப்படிக் கூப்பிடுகிறாய் என்று அவளிடம் கேட்டார். அவளிடம் கோபமே இல்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்வதைப் போலச் சொன்னாள்.

“வெளிய வச்சு மறந்துபோயி அப்பான்னு கூப்பிட்டுட்டேன்னா ஒங்களுக்கு வம்பு வந்துருமே. அதான் பழகுகேன்.”

மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர், பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு இருந்தது. கூசிப்போனேன். பிறகு அவர், யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு வா மக்கா என்றார். பள்ளிக்கூடம் லீவு என்றாள் அவள். தெரியும், போட்டுக்கொண்டு வா என்றார்.

குழித்துறையில் பரமேஸ்வரனின் வீட்டு முற்றத்தில் நாங்கள் மூன்று பேரும் போய் நின்றபோது அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. வீடியோவில் பார்த்த பிள்ளை நேரில் வந்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் வேலை ஓடும். இங்கேயும் ஃபோன்கள் உயர்ந்தன. பகவதி அவற்றைப் பார்த்தார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றும்போது விரல்கள் பட்டையில் சிக்கின. மைக் இல்லை, வணக்கம் இல்லை, பெரியோர்களே தாய்மார்களே இல்லை.

“இது எனக்க மவ. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துலதான் படிக்கா. ஊருல பொய் சொன்னேன். நேத்து ஆளுக ஃபோனத் தூக்கினதும் பயந்துட்டு, எனக்க பிள்ளையயே இல்லன்னுட்டேன். இந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். அன்றைக்கு மட்டும் எனக்குப் பொறாமை வரவில்லை.

பரமேஸ்வரன் வங்கியில் இருந்தவர். ஒரு கையெழுத்துப் போதாது, இன்னொன்றும் வேண்டும். யாழினியை அருகில் அழைத்து, “மோளே, ஒனக்க அப்பா ஆரு?” என்று கேட்டார்.

அவள் பகவதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முதல்நாள் எங்கள் இரண்டு பேரிடமும் பட்டதற்கெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வசூல் செய்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு பகவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இவருதான் அப்பா” என்றாள். என்னைக் காட்டி, “அது போஸ்டர்” என்றாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. லேகா. நான் அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நிச்சயம் சொன்னபடி நடந்தது. பகவதிக்குச் சீட்டு கிடைக்கவில்லை. இப்போது தேங்காய் வியாபாரம் செய்கிறார், யாழினியைப் பள்ளிக்கூட கேட் வாசல்வரை போய்த்தான் கூட்டி வருகிறார். நீலகண்டன் என்னைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார். கேட்ட படம் கிடைக்கவில்லை என்று இல்லை, கையில் சிக்கிய பகவதியை, அவர் மகளை என் மகள் என்று சொல்லி நானே காப்பாற்றப் பார்த்தேன் என்று. (அவருடைய பேரப்பிள்ளைகள் மலைமேல் ஒரு பெரிய பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே போய்ப் படம் எடுக்க யாருக்கும் பஸ் வசதி இல்லை.)

போன வருஷம் எங்கள் மகளை ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். சொன்னதைச் செய்து காட்டிய மனிதர் என்று ஊரில் நாலு பேர் புகழ்ந்தார்கள். நான் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஆங்கிலப் பள்ளி என்றால் கேட் இருக்கும், கேட்டில் வாட்ச்மேன் இருப்பார். அந்தக் கையை நினைத்தால் இன்னமும் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

சேர்க்கிற அன்று தலைமையாசிரியை, என் பழைய பேச்சைக் கேட்டிருக்கிறாராம், சந்தோஷமாக வரவேற்றார். விவரங்களைக் கேட்டுக்கொண்டே வந்தவர், இது முதல் பிள்ளையா என்றார்.

“இல்ல டீச்சர், ரெண்டாவது” என்றாள் லேகா.

மூத்த பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டார்.

“மூத்தவ நாகர்கோவில்ல. இங்கிலீஷ் பள்ளிக்கூடம்.”

டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். லேகா மேஜைக்கு அடியில் என் காலை நன்றாக மிதித்தாள்.

அந்த டீச்சர் இன்றுவரை எனக்கு வணக்கம் சொல்வதில்லை. போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஒவ்வொரு மாதமும் கெஞ்சுகிறேன். லேகா விடமாட்டேன் என்கிறாள்.